சிறுநீரகத்தின் கணக்கு

நேயர்களே, வலிகாமத்து வெங்காயத் தோட்டத்திலே வேலை செய்யும் 65 வயது மூதாட்டி ஒருவரை மனத்திற் கொள்ளுங்கள். மெலிந்த உடல், சைவ உணவு. குருதியிலே கிரியற்றினின் டெசிலீற்றருக்கு 1.0 மில்லிகிராம். வயதையும் பாலையும் சேர்த்து 2021ஆம் ஆண்டுச் சமன்பாட்டிலிட்டால், சிறுநீரகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 62 மில்லிலீற்றர் வடிப்பதாக விடை வரும். 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாட்பட்ட நோய் என்பர். மூதாட்டி தப்பினார்!

தப்பினாரா? கிரியற்றினின் தசையிலே பிறக்கும் கழிவு. இறைச்சி உணவாலும் கூடும். தசை குறைந்தவரிடம் அது குறைவாகவே ஊறுவதால், சிறுநீரகம் தளர்ந்தபோதும் குருதியில் அளவு பெரிதாகத் தோன்றாது. சமன்பாடுகளோ பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய உடல்களை அளந்து ஆக்கப்பட்டவை.

1999இல் வெளிவந்த ஒன்று, கறுப்பினத்தவரின் விடையை 1.180 ஆற் பெருக்கியது. நோய் இலேசானதாகத் தோன்றவே, மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலிற் பலர் பிந்தினர். 2021இல் அப்பெருக்கம் நீக்கப்பட்டது, நன்றே. ஆயினும் நம் மூதாட்டியின் மெலிவை அச்சமன்பாடும் அறியாது. பாகிஸ்தானிலே மக்களை நேரே அளந்த ஆய்வாளர் 2014இல் தமக்கெனத் திருத்தமொன்று வெளியிட்டனர். அதை இங்கு அப்படியே பொருத்தலாமோ? சுன்னாகச் சந்தையில் மூட்டை சுமப்பவரும் இம்மூதாட்டியும் ஒரே இனத்தவர்தாம், தசையோ வேறு.

தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்ரற்றின் சி என்னும் புரதத்தையும் அளந்தால் ஐயம் பெரிதும் தெளியும். சில மருந்துகளின் அளவும் இவ்வெண்ணைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. ஆதலால் விடை 60இன் ஓரத்தில் நின்றால், உங்கள் எடையையும் உணவையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறுநீரிலே புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.