வினையின் ஈறும் வாயின் வழக்கும்



இன்று பிரெஞ்சு வினைச்சொல் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டயகமவில் பிரெஞ்சுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பாரிஸ் நகரின் லாஷப்பல் கடைத்தெருவில் தமிழ் ஒலிக்கும் காலம் இது. அதனிலும் முக்கியமாக, நம் வகுப்பறை வழக்கு ஒன்றுக்கு அந்த வினை நல்ல சாட்சி சொல்கிறது.

'பார்லே' என்றால் பேசுதல். நான், நீ, அவன், அவர்கள் என்று எழுவாய் எதுவானாலும், நிகழ்காலத்தில் காதில் விழுவது 'பார்ல்' என்ற ஓரசையே. எழுத்திலோ மூன்று வடிவங்கள் உண்டு. 'அவர்கள்' என்பதற்குரிய வடிவத்தின் ஈற்றில் ஈ, என், டீ என மூன்று எழுத்துகள் நிற்கும், ஒன்றும் ஒலிக்காது. 'நாங்கள்' என்னும்போது மூக்கொலியோடு 'பார்-லோன்', 'நீங்கள்' என்னும்போது 'பார்-லே' என ஈரசையாகும்.

அந்த ஈறுகள் பழைய பிரெஞ்சில் ஒலித்தவை. வாய் விட்டுவிட்டது, எழுத்து விடவில்லை. ஆயினும் மரபுச் செய்யுள் அவற்றை மறக்கவில்லை. பன்னிரண்டு அசை கொண்ட அடியின் நடுவில், மெய்யொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் இந்த வினை வந்தால், ஊமை ஈற்றையும் ஓர் அசையாக எண்ணுவர். அடியின் முடிவில் வந்தால் எண்ணுவதில்லை. நம் யாப்பிலும் இதற்கு உறவான முறை உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் 'காசு', 'பிறப்பு' என்ற வாய்பாட்டில் முடியும்போது, குறுகி ஒலிக்கும் உகரத்தைத் தனியசையாகக் கொள்வதில்லை.

இனி நம் வினைக்கு வருவோம். 'கொழுந்து எடுக்கிறார்கள்' என்று எழுதுகிறோம். எடுக்/கிறார்/கள்: நிரை, நிரை, நேர். யாழ்ப்பாணத்தார் வாயில் அது 'எடுக்கினம்'. நம் தோட்டத்து வாயில் 'எடுக்குறாங்க'. உருவம் மாறினாலும் விகுதி உயிரோடிருக்கிறது. 'அவங்க' என்று சொல்லாமலே ஆட்களை அது காட்டிவிடுகிறது. பிரெஞ்சுப் பேச்சில் 'பார்ல்' என்று மட்டும் சொன்னால், பேசுவது யார் என்று தெரியாது. எழுவாயைச் சொல்லியே ஆகவேண்டும்.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன்? மூன்று எழுத்தை ஒலிக்காமல் விடும் பிரெஞ்சுப் பிள்ளையைக் கொச்சை பேசுகிறாய் என்று எவரும் ஏசுவதில்லை. அதுவே அங்கே சரியான உச்சரிப்பு. எழுதும்போது அம்மூன்றையும் எழுதப் பள்ளிக்கூடம் பழக்குகிறது. லயத்திலிருந்து வரும் நம் பிள்ளை வகுப்பில் 'எடுக்குறாங்க' என்றால், சிரிப்பு எழுகிறது. சிரிப்புக்கு அஞ்சிய பிள்ளை அடுத்த முறை வாய் திறப்பதில்லை. வாய் திறக்காத பிள்ளைக்கு எழுத்துத் தமிழை எப்படிக் கற்பிப்பது?

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைக்கும், விண்ணப்பத்திற்கும், இலக்கியத்திற்கும் அது கட்டாயம் வேண்டும். பிள்ளை சொன்ன சொல்லையே கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் 'எடுக்கிறார்கள்' என்று எழுதுங்கள். இரண்டையும் அசை பிரித்து, 'ஆங்க' நின்ற இடத்தில் 'ஆர்கள்' நிற்பதைக் காட்டுங்கள். வீட்டு மொழியிலிருந்தே ஏட்டு மொழிக்குப் பிள்ளை வந்து சேரும். தாய் பேசிய சொல்லுக்காக அது தலைகுனிய வேண்டியதில்லை.