நான்காம் விதி



இன்று நூலகர் தினம். இந்த நாளுக்கு உரியவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திவந்தார். 1924-இல் பல்கலைக்கழக நூலகராகப் போனார். மனம் ஒட்டவில்லை. கல்லூரிக்கே வந்துவிடுகிறேன் என்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். 1925-இல் திரும்பி வந்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கணக்குப் பாடத்தை விட்டார். கணக்குப் புத்தியை விடவில்லை. லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை விதவிதமாக மாட்டிக் காட்டியதைப் பார்த்தபோது பொறிதட்டியதுதான், 1933-இல் நூலாக வந்த, புத்தகங்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை.

நூலகங்களில் பழைய முறை எப்படி? அலமாரி பூட்டியிருக்கும். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார வேண்டும். உள்ளே போன ஊழியர் எப்போது வருவார், எதைக் கொண்டு வருவார், தெரியாது. ரங்கநாதன் அலமாரியைத் திறந்துவிட்டார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. எனக்கு ஐந்திலும் இதுதான் பெரிது. முகம் தெரியாத நமக்குப் பத்து நிமிடம் மிச்சப்படுத்திக் கொடுக்கத் தன் வாழ்நாளையே செலவழித்திருக்கிறார் அந்த மனிதர்!

அந்தப் பத்து நிமிடத்தை நாம் என்ன செய்கிறோம்?

என் கதையையே சொல்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும், ஒரே ஒரு வீடியோ என்று கைப்பேசியை எடுப்பேன். நிமிர்ந்தால் மணி பதினொன்றரை. பார்த்ததில் ஒன்றுகூட காலையில் நினைவிருக்காது. போன வருடம் சித்திரையில் முடிவெடுத்தேன்: இரவில் கைப்பேசி கூடத்து அலமாரியில், மாலை ஆறிலிருந்து ஏழுவரை இந்தக் கிளை நூலகம். கைப்பேசியை விட்டது பெரிதில்லை. மாலைநேரக் கூட்டங்கள் இருந்ததால் தெருச் சங்கப் பொறுப்பையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கும் வலித்தது. அதுவும் நல்ல வேலைதானே! ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு மனமில்லை. இந்த ஒரு வருடத்தில் நான் படித்தது, அதற்கு முந்தைய பத்து வருடங்களில் படித்ததைவிட அதிகம்.

வாசல் மேசையில் உறுப்பினர் படிவம் இருக்கிறது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கப் போகிறீர்கள், அதற்காக எதை விடப் போகிறீர்கள் என்று இன்றிரவே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். நாளை மாலை ஆறு மணிக்கு நான் இங்கேதான் இருப்பேன். வாருங்கள்.