யாரிடம் கேட்பது?

(கம்பளையில் கூடிய தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதத்தில் எத்தனை நாள் முழுப்பேர், எத்தனை நாள் அரைப்பேர், வீட்டுக் கடன் எவ்வளவு என்று நமது தோட்டங்களில் கணக்கெடுக்கப் போகிறோம். எல்லா வீட்டுக்கும் போக நம்மிடம் ஆள் இல்லை. ஆகவே யாரிடம் கேட்பது என்பதை முதலில் தீர்மானிப்போம்.

பிரட்டுக்களத்தில் கேட்பது இலகு. ஆனால் அங்கே நிற்பவர்கள் அன்று வேலைக்கு வந்தவர்கள் மட்டுமே. செக்ரோலைப் பார்த்தால், வெளியே வேலை தேடிப் போனவர்கள் அதில் இல்லை. நமது சந்தாப் பட்டியலை எடுத்தால் மற்றச் சங்கத்துக்காரர் விடுபடுவார்கள்; துரைமார் அந்தக் கணக்கை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள்.

அரசாங்கம் எப்படிச் செய்கிறது? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் குடும்ப வருமானம், செலவு பற்றி ஆய்வு செய்ய 25,000 வீடுகளைத் தெரிவு செய்தது. நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே தெரிவு செய்தது. அதனால்தான் நாட்டில் வறுமை 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம் என்று தெரிய வந்தது. பிரிக்காவிட்டால் நமது கஷ்டம் அந்த 14.3க்குள் மறைந்து போயிருக்கும். ஆனால் 20 ஏக்கரும் 10 குடியிருப்புத் தொழிலாளரும் இருந்தால்தான் அவர்கள் கணக்கில் தோட்டம். தோட்டத்தை விட்டுக் கிராமத்தில் குடியேறிய நமது சனம் அதில் வராது.

நாமும் டிவிசன் டிவிசனாகப் பிரிப்போம். ரோட்டோர டிவிசனும் மேல்மலை டிவிசனும் ஒன்றல்ல. லயம் லயமாக நடந்து, அடுப்பை எண்ணி இலக்கம் போடுவோம். ஒரு காம்பிராவில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். பிறகு ஏழு வீட்டுக்கு ஒரு வீடு. முதல் இலக்கத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். பத்துக்கு ஒன்று வேண்டாம். பத்துக் காம்பிரா லயங்களில் அப்படி எண்ணினால் தொங்கல் காம்பிராவே திரும்பத் திரும்ப விழலாம்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். அந்தியில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபடி போங்கள். தோட்ட வேலை போதாமல் வெளியே போனதால்தான் அந்த வீடு பூட்டிக் கிடக்கலாம். நாம் அறிய வேண்டியதே அதுதான். தலைவரின் சொந்தக்காரர் என்று எந்த வீட்டையும் சேர்க்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

சம்பளப் பேச்சுவார்த்தையில் முதல் கேள்வியே "யாரிடம் கேட்டீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிசனின் அடுப்புக் கணக்கோடு வாருங்கள்.