பச்சைக்கொடிக் கனவு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'வாழ்க்கைக் கனவுகளும் மகிழ்ச்சியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "இதுக்கு ஜெயிச்ச ஆள் யாரையாவது கூப்பிடப்பா, நம்ம செட்லயே அமெரிக்காவுல நாலு பேர் இருக்காங்களே" என்றேன். "அவங்க பேசி நிறையக் கேட்டாச்சு, நீ வா" என்றார். ஆகவே தோற்றுப்போன ஒரு கனவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் அத்திப்பட்டு. எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவே. 2001இல் 'சிட்டிசன்' படம் வந்த பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே, "காணாமப் போன ஊராச்சே!" என்று சிரிப்பார்கள். அது அத்திப்பட்டி, கதைக்காக உண்டாக்கிய ஊர். எங்கள் அத்திப்பட்டு பத்திரமாக இருக்கிறது. 1994இல் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது; 2001இல் பக்கத்திலேயே எண்ணூர்த் துறைமுகமும் வந்தது. ஆனால் நான் சின்னப் பையனாக இருந்தபோது புகைபோக்கியும் கிடையாது, துறைமுகமும் கிடையாது. எங்களுக்கு இருந்த ஒரே அதிசயம் தண்டவாளம்.

என் அப்பா அதே தண்டவாளத்தில் கேங்மேன். தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாக வெயிலில் நடப்பவர். சாயங்காலம் அவருக்காக ஸ்டேஷனில் காத்திருப்பேன். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நிற்காது. பிளாட்பாரமே அதிரும்படி போகும். அந்த நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்து பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அத்தனை பெரிய வண்டியும் இந்த ஒரு மனிதர் கையைப் பார்த்துத்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்பா ஒரு நாள் சொன்னார்: "நீ அந்த ரூம்ல உக்காரணும். நான் வெளிய நின்னு உனக்கு சல்யூட் அடிக்கணும்." அன்றைக்கு முடிவானது. அது என் கனவா, அப்பாவின் கனவா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1991இல் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தேன். 1993இல் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். கிளம்பும்போது அம்மா நெற்றியில் விபூதி பூசிவிட்டார். அப்பா புதுச் செருப்பு வாங்கித் தந்திருந்தார்.

அங்கே ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார்கள். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய டாக்டர் 1917இல் வெளியிட்டது. முதல் பக்கத்தில் 12 என்ற எண். அது எல்லோருக்கும் தெரியும். நானும் சொன்னேன். இரண்டாவது பக்கத்தில், "மூணு" என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லாப் பார்த்துச் சொல்லு." நன்றாகப் பார்த்தும் மூன்றுதான். மற்றவர்களுக்கு அங்கே எட்டு தெரியும். மூன்றாவது, நான்காவது பக்கத்திலும் தடுமாறினேன். பிறகு அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் எனக்கு. இருபத்து மூன்று வயதுவரை இது எனக்கே தெரியாது. "அதெப்படித் தெரியாம இருக்கும்?" என்று கேட்பீர்கள். பகலில் கைகாட்டி மரத்தின் கை இறங்கினால் வண்டி வரும், கலர் எதற்கு? இலை பச்சை, ரத்தம் சிவப்பு என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் என்னைத் திருப்பி அனுப்பியது சரிதான். 1875இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. நிறம் தெரியாத கண்தான் காரணமாக இருக்கும் என்று ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் வாதாடினார். கலர் கலரான கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லி ரயில்வே ஆட்களைச் சோதித்தார். விபத்துக்குக் காரணம் உண்மையில் அதுதானா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். சோதனை மட்டும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. ஆயிரம் பேர் உயிரை என் கண்ணை நம்பி ஒப்படைக்க நானே சம்மதிக்க மாட்டேன். ஆனால் இந்த நியாயமெல்லாம் அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. அத்திப்பட்டில் இறங்காமல் கும்மிடிப்பூண்டிவரை போய், அதே வண்டியில் திரும்பினேன்.

வீட்டில், "வெயிட்டிங் லிஸ்ட்" என்று பொய் சொன்னேன். ஐந்து மாதம் ஓட்டினேன். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

இப்போது சொல்லப் போவதைத்தான் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது உண்மை வெளியே வந்தது. அம்மா விடாமல், "ஏன்டா உனக்கு மட்டும் இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இயற்பியல் பட்டதாரி அல்லவா, அதற்குள் நூலகத்தில் எல்லாம் படித்து வைத்திருந்தேன். "இது அம்மா வழியா பையனுக்கு வர்றது. உங்கிட்டேருந்துதான் வந்தது" என்றேன். அறிவியல்படி அதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அம்மா தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு மூன்று வருஷம், யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், "என்னாலதான் அவனுக்குப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கனவு போன வருத்தம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் ஆறவில்லை.

பிறகு பி.எட். படித்தேன், 1996இல் அரசுப் பள்ளியில் வாத்தியார் ஆனேன். அதைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. நிறப்பிரிகையை நடத்தும்போது மட்டும் பட்டகத்தின் வழியே சுவரில் விழும் வண்ணப் பட்டையைக் காட்டி, "பச்சை எங்க முடியுது, நீங்க வந்து கோடு போடுங்க" என்பேன். எனக்குத் தெரியாததை மாணவர்கள் எனக்குச் சொல்லித் தரும் ஒரே பாடம். அந்த ஒரு பீரியடுக்கு மட்டும் யாரும் லீவு போடுவதில்லை. கலர் சாக்பீஸ் டப்பா மேல் வகுப்புத் தலைவன் பெயர் எழுதி வைத்துவிடுவான்.

இஷிஹாரா புத்தகம் ஒன்றை என் காசில் வாங்கினேன். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டுவேன். சில வருஷம் யாரும் அகப்படுவதில்லை. சில வருஷம் ஒரு பையன் "மூணு சார்" என்பான். அப்படி ஒருவன் கப்பலில் போவதாகக் கனவு கண்டுகொண்டிருந்தான். துறைமுகம் பக்கத்தில் இருக்கும் ஊர், ஆசை வராதா? இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் மூன்றாம் நாள் வந்து கேட்டான்: "சார், அப்ப நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்துல் கலாம் கதையைச் சொல்லிச் சமாளிக்கலாமா என்று நினைத்தேன். 1958இல் விமானப்படைக்கு டேராடூனில் நேர்முகத் தேர்வு, 25 பேரில் 8 பேர் தேவை, அவர் ஒன்பதாவது. 2006 ஜூன் 8ஆம் தேதி, குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயில் சுகோய் போர் விமானத்தில் பறந்தார். மேடைகளில் எல்லோரும் சொல்வது அந்த ஒன்பதாவது இடத்தைத்தான். எனக்குப் பிடித்தது அந்த 48 வருஷம் கழித்த ஆசை. ராக்கெட் விட்ட பிறகும் அவருக்கு அது போகவில்லை பாருங்கள்! ஆனால் எல்லோருக்கும் ஒரு சுகோய் வந்து நிற்காதே. பையனிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "கிராண்ட் டிரங்க் போற சத்தம் கேட்டா இன்னிக்கும் தலை நிமிரும்டா. கொஞ்சம் வலிக்கும். ஆனா காலையில ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ஒரு நாளும் வலிச்சதில்ல" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "சரி சார்" என்றான். ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்ததால் அவனுக்கு வேறு பாதை பார்க்க நேரம் இருந்தது. எனக்கு அது இல்லை.

காலமும் மாறியிருக்கிறது. 2020இல் விதியைத் திருத்தியதால் லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் பெறலாம். 2023 அக்டோபரில், நம் தமிழ்நாட்டு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வாகி, இதே குறையால் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு வேலை தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரயில் ஓட்டவும், சிக்னல் பார்க்கவும் இன்றும் நிறப்பார்வை கட்டாயம். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மா விஷயத்தை முடிக்கவில்லையே. வாத்தியார் வேலை கிடைத்த வருஷம், விடுமுறையில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போனேன். அம்மாவைப் பெற்றவர். மிளகாய்க் கொல்லையில் பழத்தோடு காயையும் சேர்த்துப் பறித்துவிடுவார் என்று ஊரே அவரைக் கேலி செய்யும். "கண்ண எங்க வெச்சிருக்க?" என்று பாட்டி திட்டாத நாள் கிடையாது. இரண்டாவது பக்கத்தைக் காட்டினேன். தாத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "மூணு" என்றார்.

அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். தகப்பனுக்கு இருந்தால் எல்லா மகள்களும் அதைச் சுமப்பார்கள், ஆனால் அவர்களுக்குப் பொதுவாகக் கண்ணில் ஒன்றும் தெரியாது என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மா அதைக் கேட்கவே இல்லை. திண்ணையில் தாத்தா காலடியில் உட்கார்ந்து, "அம்பது வருஷமா எங்கப்பாவத் திட்டினீங்களேடா, பாவிங்களா!" என்று அழுதுகொண்டே சிரித்தார். தாத்தா என்னைப் பார்த்து, "அப்ப நான் சோம்பேறி இல்லியா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார், நான் கேட்காமலே.

அந்தப் புத்தகம் இதோ, பையில் இருக்கிறது. ஓரம் கிழிந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில், நம் பழைய இயற்பியல் ஆய்வகத்தில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். பகல் வெளிச்சத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும். தம்பிகள் யாருக்காவது பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். சந்தேகம் இருந்தால் கண் டாக்டரிடம் போய் உறுதி செய்துகொள்ளலாம். பேராசிரியர்களும் வரலாம்.