வாசல் மரத்துக்கு வார்னிஷா, எண்ணெயா?



தீபாவளி நெருங்கினால் பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் பக்கத்து வீடுகளில் மர வாசல் கதவுக்கும் வெளி பெஞ்சுக்கும் வார்னிஷ் அடிக்கும் வேலை தொடங்கிவிடும். அடித்த அன்று பளபளவென்று இருக்கும். சில மாதங்களில் கதவின் அடிப்பக்கம் வெளுத்து, தோல்போல் உரிய ஆரம்பிக்கும். உரிந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். உடனே பழி டின்மீதோ, பெயின்டர்மீதோ விழும்.

உண்மைக் காரணம் வெயில். மரத்தின் அழகு தெரியட்டும் என்றுதான் நிறமற்ற வார்னிஷை வாங்குகிறோம். ஆனால் அது வெளிச்சத்தோடு புற ஊதாக் கதிரையும் உள்ளே விடுகிறது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை அந்தக் கதிர் சிதைக்கிறது. மேலே படலம் நன்றாகத்தான் இருக்கும். அது பிடித்திருக்கும் மரப்பரப்பு இற்றுப்போயிருக்கும். பிடிமானம் போனால் உரியத்தானே செய்யும்? நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரைப் பாகைக்குள். வெயிலுக்கும் குறைவில்லை, மழைக்கும் குறைவில்லை.

மலேசியாவின் செங்கால் மரத்தை எண்ணிப் பாருங்கள். கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை. கறையான்கூட எளிதில் அண்டாது. இதே மரத்தில் வடியும் பிசினுக்கு டாமார் பெனாக் என்று பெயர். தெளிவான வார்னிஷ் செய்ய அந்தக் காலத்தில் மலாயாவிலிருந்து கப்பலேறிய சரக்கு அது. பிசின் வார்னிஷ் ஓவியங்களுக்கும் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கும் ஏற்றது, வெயிலில் நொறுங்கிவிடும். ஆனால் செங்கால் பலகையோ ஒன்றும் பூசாவிட்டாலும் நிறம் மங்கிச் சாம்பலாகுமே தவிர, பல்லாண்டு உழைக்கும். அந்தச் சாம்பல் நிறம் உங்களுக்குப் பிடித்தால் பூச்சே வேண்டாம். மெராந்தி போன்ற இலகுவான மரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

பூசத்தான் வேண்டும் என்றால், முதல் நாள் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது கெடும்போது எப்படிக் கெடும் என்று பாருங்கள். வார்னிஷ் உரிந்தால் முழுவதையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி தொடங்க வேண்டும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு உரியாது, மங்கும். கழுவிக் காயவைத்து, மேலேயே இன்னொரு முறை பூசிவிடலாம். ஆகவே வெட்டவெளியில் கிடக்கும் பெஞ்சுக்கும் கேட்டுக்கும் எண்ணெய்தான் என் தேர்வு. அதிலும் முற்றிலும் நிறமற்றது வேண்டாம். லேசான பழுப்புச் சாயம் கலந்ததாக வாங்குங்கள். கதிரைத் தடுப்பது அந்தச் சாயம்தான். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். வெறும் ஆளிவிதை எண்ணெய் நம் ஈரக்காற்றில் பூஞ்சைக்குத் தீனியாகிவிடும்.

போர்ட்டிகோவின் நிழலில் நிற்கும் கதவுக்கு வார்னிஷ் தாராளமாக அடிக்கலாம். பாய்மரக் கம்பங்களுக்கென்று உருவான ஸ்பார் வார்னிஷ் வகை நல்லது. மரம் விரிந்து சுருங்கும்போது அதுவும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வீட்டுக்குள் தரைக்குப் போடும் பாலியூரித்தேனை மட்டும் வெளியே கொண்டுவராதீர்கள்.

பலகையின் வெட்டுமுனையைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. மரம் உயிரோடு நின்றபோது நீரை மேலேற்றிய குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. கதவின் அடிவிளிம்பு முதலில் கெடுவது அதனால்தான். முடிந்தால் கதவைக் கழற்றி, அந்த விளிம்புக்கு இரண்டு மூன்று முறை பூசுங்கள்.

இன்னொன்று, காலம். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் கனமழை மாதங்கள். தீபாவளிக்கு முன் நாம் வார்னிஷ் அடிப்பது ஈரமரத்தின் மேல். ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த காலம். இந்த வேலையைத் தைப்பூசத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பூசும் முன் மரத்தில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் எண்ணெயும் ஊறும். முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது, அல்லது மரம் மிக அடர்த்தியானது. செங்காலில் எண்ணெய் கொஞ்சமே இறங்கும். கால் மணி நேரம் விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசுபிசுப்பு போகாது.

துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும் எண்ணெய் சூட்டைக் கிளப்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்து நன்றாகக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.