சாயும் வண்டியும் தேயும் ரயரும்

மோட்டார் சைக்கிளில் வளைவொன்றைக் கடப்பவர் வண்டியை வளைவின் உட்புறமாகச் சாய்க்கின்றார். இதனை எவரும் ஏடு விரித்துக் கற்பதில்லை. துவிச்சக்கரவண்டி பழகிய சிறுவனும் சில நாட்களில் தானாகவே செய்யப் பழகிவிடுகின்றான். ஆயினும் எத்தனை பாகை சாய வேண்டும் என்பதை நிச்சயிப்பவர் ஓட்டுபவர் அல்லர். வண்டியின் வேகமும் வளைவின் ஆரையுமே அதனை நிச்சயிக்கின்றன.

நேரே செல்ல முனையும் வண்டியை வளைவின் நடுவை நோக்கித் திருப்பும் விசை, ரயருக்கும் நிலத்துக்கும் இடையே தோன்றும் உராய்விலிருந்து கிடைக்கின்றது. அவ்விசை தாக்குவது நிலமட்டத்தில். வண்டியினதும் மனிதனதும் பாரமோ அதற்கு மேலே இருக்கின்றது. நிமிர்ந்தபடி திரும்பினால் கீழ்ப்பாகம் உள்ளே இழுபட, மேற்பாகம் வெளியே கவிழும். அதனைத் தடுத்துச் சமநிலை தருவதே சாய்வு.

30 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அதனைக் கடக்க ஏறக்குறைய 23 பாகை சாய்வு வேண்டும். 50 கிலோமீற்றருக்கு 33 பாகை; 60 கிலோமீற்றருக்கு 43 பாகை. வேகம் ஒன்றரை மடங்கானால், வேண்டிய பக்கவிசை இரண்டேகால் மடங்காகிவிடுகின்றது. வண்டி பாரமானதா இலேசானதா என்பது இக்கணக்கில் இடம்பெறுவதேயில்லை. ஆனால் ரயரின் அகலம் இடம்பெறும். அகன்ற ரயர் சாயும்போது நிலத்தைத் தொடும் இடம் உட்புறமாக நகர்வதனால், வண்டி இன்னுஞ் சில பாகை கூடச் சாய வேண்டியிருக்கும். பந்தய வீரர்கள் இருக்கையைவிட்டு உட்புறமாகத் தொங்குவது வேடிக்கைக்கன்று. உடலின் பாரத்தை உள்ளே கொண்டுசென்று வண்டியின் சாய்வைச் சற்றுக் குறைப்பதற்கேயாம்.

45 பாகைச் சாய்விலே, ரயர் தாங்கும் பக்கவிசை வண்டியின் முழு நிறைக்கும் சமமாகின்றது. பெரும் பந்தயங்களில் வீரர்கள் 60 பாகையையும் தாண்டிச் சாய்கின்றனர். 60 பாகையிலே சில்லுகளின் மீது அழுந்தும் விசை நிறையின் இருமடங்கு. இவ்வளவையும் தாங்கும் இடம் ஒவ்வொரு சில்லிலும் ஓர் உள்ளங்கையளவே.

அந்த உள்ளங்கையளவு இடம் எங்கே இருக்கின்றது என்பதில்தான் தேய்வின் கதை தொடங்குகின்றது. மோட்டார்க் காரின் ரயர் தட்டையானது. மோட்டார் சைக்கிளின் ரயரோ குறுக்காகப் பார்த்தால் வில்போல வளைந்தது. நிமிர்ந்து ஓடும்போது அதன் நடுப்பகுதி நிலத்தைத் தொடுகின்றது. சாயச் சாயத் தொடும் இடம் தோட்பகுதிக்கு நகர்கின்றது. நேர்வீதியிலேயே நாள்தோறும் ஓடும் வண்டியின் ரயர் நடுவிலே தேய்ந்து தட்டையாகிவிடும். இத்தகைய ரயரோடு வளைவிற் சாய்ந்தால், வண்டி முதலில் சாயத் தயங்கும். பின்னர் தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் திடீரென விழுவதுபோலச் சாயும். ஓரங்களில் இறப்பர் புதிதாகவே தோன்றுவதனால், ‘ரயர் இன்னும் நல்லதுதானே’ என்று எண்ணி ஏமாறுபவர் பலர்.

பந்தயத் திடலிலே இதற்கு மாறான தேய்வு நிகழ்கின்றது. அதற்குச் சிறந்த சான்று, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள பிலிப் தீவில் 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி நடந்த உலக வல்லவர் பந்தயமாகும். மாலை தோறும் பெங்குவின் பறவைகள் கரையேறுவதைக் காண மக்கள் கூடும் தீவு அது. கடலோரமாக அமைந்த அப்பந்தயத் திடலின் ஒரு சுற்று 4.448 கிலோமீற்றர். பன்னிரண்டு வளைவுகளுள் ஏழு இடப்புறம் திரும்புவன. அவற்றுட் பல நீண்டவை, மிக வேகமானவை. இறுதி இரண்டு வளைவுகளோ, வண்டி இடப்புறம் சாய்ந்திருக்கும்போதே இயந்திரத்தின் வலு முழுவதும் பின்சில்லிற் பாயுமாறு அமைந்தவை. ஆகவே பின்ரயரின் இடத்தோள் ஓய்வின்றி உழைக்க, வலத்தோள் கடற்காற்றிற் குளிர்ந்துபோகின்றது.

சாய்ந்த ரயர் வெறுமனே உருள்வதில்லை என்பதையும் இங்கே கூறவேண்டும். அதன் தோட்பகுதியில், அச்சுக்கு அண்மையிலுள்ள ஓரம் சிறு வட்டமாகவும் மற்றை ஓரம் பெரு வட்டமாகவும் சுழல்கின்றன. இரண்டும் ஒரே சில்லின் பகுதிகளாதலால், ஒரே நேரத்தில் ஒரே தடவைதான் சுற்ற முடியும். ஆனால் நிலமோ இரண்டுக்கும் ஒரே வேகத்தில் ஓடுகின்றது. ஆதலால் எங்கேனும் ஓரிடம் தேய்த்துக்கொண்டே செல்லவேண்டும். அதனோடு பக்கவிசையும் இயந்திர வலுவும் சேரும்போது இறப்பர் சூடேறுகின்றது.

அவ்வாண்டிலே திடலுக்குப் புதிய மேற்பரப்பு இடப்பட்டிருந்தது. பழையதைவிட அது ரயரை நன்றாகப் பிடித்தது. வீரர்களுக்கு இது நற்செய்தி போலத் தோன்றலாம். கூடிய பிடிப்பினால் வளைவிலே வேகம் கூடும். வேகம் கூடச் சாய்வும் விசையும் கூடும். விசை கூடச் சூடு கூடும். பயிற்சி ஓட்டங்களிலேயே பின்ரயர்களிற் கொப்புளங்கள் எழுந்தன. ரயர்களை வழங்கிய பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தார், அவை முழுப் பந்தயத்துக்கும் தாங்கா என அறிந்தனர். அப்போது டன்லப் ரயர்களில் ஓடிய இடைநிலை வகுப்புக்கும் அதே இடர் நேர, அதன் பந்தயம் 25 சுற்றுக்களிலிருந்து 13 ஆகக் குறைக்கப்பட்டது.

முதல் வகுப்பின் 27 சுற்றுக்கள் ஈற்றில் 19 ஆகின. எந்த ரயரிலும் பத்துச் சுற்றுக்களுக்கு மேல் ஓடலாகாது; ஒன்பதாவது அல்லது பத்தாவது சுற்றின் முடிவில் ஒவ்வொருவரும் உள்ளே வந்து, புது ரயர் பூட்டிய மற்றொரு வண்டியில் ஏறவேண்டும் என்பது விதி. பணங்கொடுத்து வந்த பார்வையாளருக்கு இது குறைந்த பந்தயமே. எனினும் மணிக்கு இருநூறு கிலோமீற்றரைத் தாண்டிய வேகத்தில், சாய்ந்த நிலையில் ஒரு ரயர் பிய்ந்தால் நேர்வதை நினைப்பவர் அம்முடிவைக் குறைகூறார்.

அப்போது புள்ளிகளில் முன்னின்றவர் ஸ்பானிய வீரர் மார்க் மார்க்கெஸ். வயது இருபது, முதல் வகுப்பில் அதுவே அவருக்கு முதலாண்டு. இரண்டாமவரான ஹோர்ஹே லொரென்சோவை விட 43 புள்ளிகள் கூடப் பெற்றிருந்தார். அவருடைய குழுவினர் விதியைப் பிழையாகப் பொருள்கொண்டனர். பத்தாவது சுற்றின் முடிவில் வரவேண்டியவர் மேலும் ஒரு சுற்று ஓடியபின்னரே உள்ளே வந்தார். கறுப்புக் கொடி காட்டப்பட்டது. அன்று அவருக்குக் கிடைத்தது பூச்சியம். வென்ற லொரென்சோவுக்கோ இருபத்தைந்து. வித்தியாசம் 18 ஆகச் சுருங்கியது. ஆண்டிறுதியில் வெறும் நான்கு புள்ளிகளால் மார்க்கெஸ் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ரயர் செய்வோர் வேறு உபாயத்தோடு அங்கே வந்தனர். பின்ரயர் முன்னரே இரு தோள்களிலும் இருவகை இறப்பர் கொண்டதாய் இருந்தது; 2014இல் முன்ரயரையும் அவ்வாறே செய்தனர். உழைக்கும் இடத்தோளுக்கு வன்மையான இறப்பர். குளிரும் வலத்தோளுக்கு மென்மையானது. ரயர்கள் முழுத்தூரமும் தாங்கின. ஆயினும் பந்தயத்தின் பிற்பகுதியில் வெயில் தணிந்து நிலம் குளிர, முன்ரயர் பிடிப்பிழந்து வீரர் பலர் விழுந்தனர். முன்னணியில் தனியே சென்றுகொண்டிருந்த மார்க்கெஸும் விழுந்தார். அன்று வென்றவர் வலன்டினோ ரோசி.