பெயரைக் காத்தவரும் கொடியைக் காத்தவரும்



பத்தாமாண்டு விழாவில் தமிழாசிரியை ஒருத்தி மதுவைப் பற்றிப் பேசுவதா என்று புருவம் நெரிப்போர் இருக்கலாம். யவனர் கலத்தில் வந்த தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்கு உரியதாக்கி நக்கீரர் புறநானூற்றில் பாடியிருப்பதை அவர்களுக்கு நினைவூட்டி மேற்செல்கிறேன். அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த மதுச்சாடி உடைசல்களுள் இத்தாலியின் காம்பானியாப் பகுதி மண்ணால் வனைந்தவையும் உண்டு. நக்கீரர் பாடியது அந்நாட்டுத் தேறலே என்று துணிவது மிகை. ஆயினும் அந்த மண்ணை நாம் முற்றிலும் அந்நியமென்று தள்ளுவதற்கில்லை.

காம்பானியாவின் வடபால், மாசிகோ மலைக்கும் வொல்தூர்னோ ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் விளைந்தது பலேர்னியத் தேறல். வர்ஜில், ஹொரேஸ், மார்ஷியல் ஆகிய மூவரும் அதன் பெயரைத் தம் பாட்டில் வைத்தனர். தீயிட்டால் பற்றிக்கொள்ளும் மது இஃதொன்றே என்று எழுதிய பிளினி, அளவைப் பெருக்கும் ஆசையால் அதன் தரம் குன்றிவருவதையும் உடன் குறித்தார். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது மாண்டவர் அவர். ஆகவே, சரிவு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது.

பிளினி தரும் இன்னொரு செய்தியே என்னை உறங்கவிடாதது. காம்பானியாவில் திராட்சைக்கொடியைப் பாப்லர் மரங்களில் ஏற்றிவிடுவார்களாம். கொடி உச்சிவரை படர்ந்துவிடும். கூலிக்குக் கனி பறிக்க வருபவன், தவறி விழுந்து இறந்தால் தனக்குச் சிதையும் கல்லறையும் தரவேண்டுமென்று முன்கூட்டியே பேசிக்கொள்வானாம். கிண்ணத்தைப் பாடிய புலவர்க்கு இவன் கண்ணில் படவில்லை போலும்!

உரோமப் பேரரசு சரிந்தபின் தேறலின் புகழும் மங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேரின்மேல் பழைய கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைக்கவேண்டியிருந்தது. 1960களில் பிரான்செஸ்கோ பவுலோ அவல்லோனே என்னும் வழக்கறிஞர், பழைய இலத்தீன் நூல்களைப் படித்த ஆர்வத்தால், நேப்பிள்ஸ் பல்கலைக்கழக அறிஞர் துணையுடன் அக்கொடிகளைத் தேடிப் புறப்பட்டார். தேடத் தூண்டியது ஏடு. ஆனால் கொடி கிடைத்தது ஏட்டிலன்று, பூச்சிக்குத் தப்பிய சிலவற்றைக் கைவிடாத உழவரின் நிலத்தில். அவர்கள் உதவியோடு அவை மாசிகோ அடிவாரத்தில் மீண்டும் நடப்பட்டன. 1989இல் 'பலேர்னோ தெல் மாசிகோ' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

ஹொரேஸ் பருகியது இதுவேயா? அல்ல என்பதே என் கருத்து. வேர் வேறு, கலம் வேறு, பக்குவமும் வேறு. மூலச் சுவடி மறைந்தபின் கிடைத்த படிகளைக் கொண்டு செய்த பதிப்பென்று இதனைக் கொள்ளலாம். பதிப்பு என்பதால் மதிப்புக் குறைவதில்லை.

இன்று அங்கே வெள்ளைத் தேறலுக்குப் பலாங்கினாவும், சிவப்புக்கு அல்யானிகோவும் பியெதிரொஸ்ஸோவும் பயிராகின்றன. கடைசியாகச் சொன்னதற்கு உழவர் வழக்கில் 'புறாக்கால்' என்று பெயர். கனி முற்றும்போது அதன் காம்பு அவ்வாறு சிவக்கும்.